'42-ல் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்பவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மேடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் டீக்கடைப் பெஞ்சிலும் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது: "வெள்ளையனே வெளியேறு என்று நாடே கொந்தளித்தபோது உங்கள் கட்சி எங்கே இருந்தது?" கேட்கப்பட்டவர் கம்யூனிஸ்ட் என்றால் அவருக்குத் துரோகிப் பட்டம். திராவிட இயக்கத்தவர் என்றால் வெள்ளைக்காரனின் கையாள் என்ற ஏச்சு. அவர்களும் விடுவதில்லை, "உங்கள் சாவர்க்கர் எங்கே இருந்தார், உங்கள் ராஜாஜி எங்கே இருந்தார்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். சண்டை முற்றுகிறது. ஆனால் சண்டையிடும் எல்லோரும் ஒரு நம்பிக்கையில் ஒன்றுபட்டு நிற்கிறார்கள். 1942 ஆகஸ்டில் ஒரு கட்சி எடுத்த நிலைதான் அதன் தேசப்பற்றுக்கு உரைகல் என்பது அந்த நம்பிக்கை.

அது தவறான நம்பிக்கை. வரலாற்றோடு அது ஒத்துப்போகவில்லை. அதைவிட முக்கியம், இந்த நாட்டின் கடைக்கோடி மனிதருக்கு விடுதலை எந்த அளவுக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்வியை அது கேட்கவிடாமல் செய்கிறது.

இதைச் சேலம் மாவட்டத்துக்காரர்கள் மற்றவர்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் நின்று பார்த்தால் கீழே ஒரே வீச்சில் தெரிகிற ஊர் சேலம். காலனி ஆட்சியை எதிர்த்த மக்கள் இயக்கத்துக்குத் தமிழகக் கட்சிகள் என்னென்ன விதமாக எதிர்வினை காட்டினவோ, அத்தனைக்கும் அந்த ஊரிலும் மாவட்டத்திலும் முகவரி உண்டு. ராஜாஜி வக்கீல் தொழில் செய்ததும் 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்ததும் சேலத்தில்தான். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் வரதராஜுலு நாயுடு காங்கிரஸின் பெருந்தலைவராக இருந்து பிறகு இந்து மகாசபைக்குப் போனவர். நீதிக்கட்சி தன் பெயரையும் போக்கையும் மாற்றிக்கொண்ட மாநாடு நடந்ததும் இதே ஊரில். கம்யூனிஸ்டுகள் சிறைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டதும் இதே ஊரில்.

ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்ளலாம். அன்றைய சேலம் மாவட்டத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர். பிறகு காங்கிரஸில் சேர்ந்து 1937-ல் ராஜாஜி அமைச்சரவையிலும் இடம்பெற்றார். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்டாகிச் சென்னைச் சதி வழக்கில் சிறை சென்றார். மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட். இன்னொரு மகன் பி.பி. குமாரமங்கலம் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் அதிகாரி. வட ஆப்பிரிக்காவில் போரிட்டு 1942-ல் அச்சு நாடுகளிடம் போர்க்கைதியானார். அவரேதான் 1966-ல் சுதந்திர இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். மோகன் 1970-களில் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் இருந்தார். '42-ல் எங்கே இருந்தீர்கள்' என்ற கேள்வியை இந்த வீட்டு வாசலில் வைத்துப் பாருங்கள். யாரைத் துரோகி என்பது, யாரைத் தியாகி என்பது?

மயக்கத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பதால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 1942 ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் காங்கிரஸ் எழுப்பிய கோரிக்கை நியாயமானது. இந்தியாவைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கிய ஆட்சியை வெளியேறச் சொல்ல இந்த மக்களுக்கு முழு உரிமை இருந்தது. மறுநாள் விடிவதற்குள் தலைவர்கள் கைதானார்கள். வழிகாட்ட யாரும் இல்லாமல் மக்கள் தாங்களாகவே எழுந்தார்கள். சூலூரில் விமானதளக் கொட்டகைகள் எரிந்தன. திருவாடானையில் சிறை உடைபட்டது. குலசேகரன்பட்டினம் வழக்கில் இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. காமராஜர் பம்பாயிலிருந்து திரும்பும் வழியில் அரக்கோணத்தில் ரயிலைவிட்டு இறங்கி, போலீஸ் கண்ணில் படாமல் ஊர் ஊராகச் சென்று செய்தி சேர்த்துவிட்டு, வேலை முடிந்த பிறகே கைதானார். மூன்றாண்டுகள் சிறையில் கிடந்தார். இவர்களுக்கு நாடு பட்ட கடன் தீராது.

அதே நேர்மையோடு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கிய பிறகு, அதுவரை ஏகாதிபத்தியப் போர் என்று கண்டித்ததை மக்கள் போர் என்று கம்யூனிஸ்ட் கட்சி அழைக்கத் தொடங்கியது. 1942 ஜூலையில் அதன் மீதிருந்த தடை நீங்கியது. ஆகஸ்ட் எழுச்சியிலிருந்து அது விலகி நின்றது. பாசிசத்தின் அபாயத்தை அக்கட்சி சரியாகவே கண்டது. ஆனால் தன் மக்களின் மனநிலையைக் காணத் தவறியது. அது பெரும் பிழை. நீதிக்கட்சியின் செல்வாக்கான ஒரு பகுதியினர் ராவ்பகதூர், திவான்பகதூர் பட்டங்களின் நிழலில் ஆட்சியோடு ஒட்டி வாழ்ந்தார்கள். அது வெட்கத்துக்குரியது. இந்து மகாசபைத் தலைவர் சாவர்க்கர், அரசுப் பதவிகளிலும் சபைகளிலும் இருந்த தம் கட்சியினரை அங்கேயே இருக்கச் சொன்னார். சிந்துவில் அக்கட்சி முஸ்லிம் லீக்கோடு சேர்ந்து ஆட்சி நடத்தியது. அது சந்தர்ப்பவாதம். ராஜாஜியோ ஆகஸ்டுக்கு முன்பே காங்கிரஸிலிருந்து விலகி, இந்தப் போராட்டம் நாட்டுக்கு நல்லதல்ல என்று வெளிப்படையாகச் சொல்லி ஒதுங்கினார்.

ஆக, தவறு செய்தவர்கள் பலர். ஆனால் தவறிழைத்தவர்களையெல்லாம் நாட்டை விற்றவர்களாக்கும் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை. அதற்குச் சாட்சி சொல்பவர்கள் வேறு யாருமல்ல, 1942-ஐ நடத்திய தலைவர்களே.

1947 ஆகஸ்ட் 15 அன்று பதவியேற்ற முதல் அமைச்சரவையைப் பாருங்கள். அகமத்நகர் கோட்டையில் ஏறத்தாழ மூன்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்த நேரு தலைமையமைச்சர். சட்ட அமைச்சர் அம்பேத்கர். 1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றவர். தொழில், வழங்கல் அமைச்சர் சியாமா பிரசாத் முகர்ஜி. ஆகஸ்ட் போராட்டம் வெடித்த வேளையில் வங்க மாகாண அமைச்சர். நிதி அமைச்சர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார், கொச்சி திவானாக இருந்தவர், பிரிட்டிஷ் அரசிடம் 'சர்' பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டே, 1942-ல் காங்கிரஸைவிட்டுப் போன ராஜாஜி நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார். சிறைக்கதவைக் கடந்து வந்தவர்களே '42-ல் எங்கே இருந்தீர்கள்' என்று கேட்டு ஆள் எடுக்கவில்லை. நாட்டைக் கட்ட யார் தேவை என்று கேட்டார்கள். அவர்கள் பயன்படுத்த மறுத்த அளவுகோலை எண்பது ஆண்டுகள் கழித்து நாம் எந்த உரிமையில் எடுத்து நீட்டுகிறோம்?

சரி, ஒரே ஒரு தேதியை வைத்துத்தான் அளப்போம் என்பவர்களுக்கு வேறு தேதிகளும் இருக்கின்றன. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் கடற்படை வீரர்கள் பிரிட்டிஷ் கொடியை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் கம்யூனிஸ்ட் கட்சி பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. மில் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். காங்கிரஸ் தலைமையும் முஸ்லிம் லீக் தலைமையும் வீரர்களைச் சரணடையச் சொன்னார்கள். அதிகார மாற்றம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் கலகம் வேண்டாம் என்று படேல் கருதினார். அதற்கும் காரணம் இருந்தது. 1946-ஐ உரைகல்லாக்கினால் காங்கிரஸ் துரோகக் கட்சி ஆகிவிடும். ஆக்கலாமா? கூடாது. அப்படியானால் 1942-ஐ வைத்து இன்னொரு கட்சியையும் அப்படி ஆக்கக் கூடாது.

'வெள்ளைக்காரனுக்கு உதவிய கட்சி' என்ற வசையையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டத்தில் இருந்தது கய்யூர். அந்த ஊர் விவசாயப் போராளிகள் நால்வரை, 1941-ல் ஒரு காவலர் இறந்த வழக்கில், 1943 மார்ச் 29 அன்று கண்ணூர்ச் சிறையில் பிரிட்டிஷ் அரசு தூக்கிலிட்டது. நால்வரும் கம்யூனிஸ்ட் கட்சியின் அணியினர். கட்சித் தலைமை போருக்கு ஆதரவு தேடி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான், அதன் ஊழியர்களின் கழுத்தில் அதே அரசு சுருக்கு மாட்டியது. கட்சித் தீர்மானம் ஒன்று, ஊழியரின் வாழ்வும் சாவும் வேறொன்று. தீர்மானத்தை மட்டும் படித்துத் தீர்ப்பெழுதுகிறவர்கள் கய்யூர்க்காரர்களின் குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வார்கள்?

திராவிட இயக்கத்தைப் பற்றிய வசையும் இப்படித்தான் ஒரு பாதியை மறைக்கிறது. பெரியார் 1921-ல் கள்ளுக்கடை மறியலில் சிறை சென்றவர். 1924-ல் வைக்கத்தில் சிறை சென்றவர். காங்கிரஸை விட்டு வெளியேறியதும் பதவி தேடி அல்ல, வகுப்புரிமைத் தீர்மானம் 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் மறுக்கப்பட்டதால். 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய நீதிக்கட்சி மாநாட்டில் அண்ணாதுரையின் பெயரால் வந்த தீர்மானம், பிரிட்டிஷ் அரசு தந்த பட்டங்களைத் துறக்க வேண்டும், கௌரவப் பதவிகளைவிட்டு விலக வேண்டும் என்றது. கட்சியின் பெயர் திராவிடர் கழகம் ஆயிற்று. பட்டமும் பதவியும் பெரிதென்று கருதியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஜமீன்தார்களும் சீமான்களும் அமர்ந்திருந்த மேடைக்குச் சாதாரணர்கள் ஏறியது அந்த நாளுக்குப் பிறகுதான். 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார். அண்ணா அதை ஏற்காமல் மகிழ்ச்சிக்குரிய நாள் என்று எழுதினார். என் கருத்தில் அண்ணா சொன்னதே சரி. ஆனால் ஒரே இயக்கத்துக்குள் இவ்வளவு வெளிப்படையான வாதம் நடந்திருக்கும்போது, அந்த இயக்கம் முழுவதையும் 'கையாள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது சோம்பேறித்தனம்.

இவ்வளவும் கீழே சமவெளியில் நடந்தது. இனி மலையேறுவோம். இந்த உரைகல் எதை மறைக்கிறது என்பது ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில்தான் நன்றாகப் புரியும்.

சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் காப்பிச் செடியை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்தார். சாமையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் பரவின. 1882-ன் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளுக்கு எல்லை போட்டது. சேர்வராயனைக் குலதெய்வமாகக் கும்பிடும் மலையாளிப் பழங்குடி மக்கள் தங்கள் காட்டிலேயே விறகுக்கும் மேய்ச்சலுக்கும் அனுமதி கேட்கும் நிலைக்கு வந்தார்கள். தென்னிந்தியத் தோட்டங்களுக்குச் சமவெளியிலிருந்து ஆள் பிடித்து வந்தவர்கள் கங்காணிகள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையைவிட்டு ஓடினால், 1859-ன் ஒப்பந்த மீறல் சட்டப்படி கடுங்காவல் வரை தண்டனை உண்டு. கடனைத் திருப்பித் தராதது குற்றவியல் வழக்காயிற்று. 1920-களின் நடுவில்தான் அந்தச் சட்டம் நீங்கியது.

1942-ல் இந்த மலை மனிதர்களுக்கு அரசியலில் என்ன இடம்? 1935-ன் இந்திய அரசுச் சட்டம் சென்னைச் சட்டசபைக்கு 215 இடங்களை வகுத்தது. அதில் நிலச்சுவான்தார்களுக்கு 6. வணிகம், தொழில், சுரங்கம், தோட்டம் ஆகியவற்றின் முதலாளிகளுக்கு 6. ஐரோப்பியருக்கு 3. மாகாணம் முழுவதிலும் இருந்த பின்தங்கிய பகுதிகளுக்கும் பழங்குடியினருக்கும் சேர்த்து 1. ஒன்றே ஒன்று. சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் ஓட்டு. வயது வந்தோரில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. காப்பிப் பழம் பறித்த பெண்ணுக்கும் மலையாளி விவசாயிக்கும் எந்தக் கட்சியைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத கட்சிகள் எடுத்த நிலைகளை வைத்து அவர்களுடைய விடுதலையை நாம் அளந்துகொண்டிருக்கிறோம்.

1942 ஆகஸ்ட் தீர்மானம் வெறுமனே வெள்ளையரை வெளியேறச் சொல்லி நிற்கவில்லை. அதிகாரம் வயலிலும் ஆலையிலும் பிற இடங்களிலும் உழைப்பவர்களுக்கே சேர வேண்டும் என்றும் அது சொன்னது. அந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். காப்பி, தேயிலைத் தோட்டங்களில் வீடும் குடிநீரும் மருத்துவமும் வேலை நேர வரம்பும் தொழிலாளியின் சட்ட உரிமை என்றாக 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1954-ல். காட்டில் வாழ்ந்தவருக்குக் காட்டின் மீது உரிமை உண்டு என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது 2006-ல், ஆகஸ்ட் தீர்மானத்துக்கு 64 ஆண்டுகள் கழித்து. அதற்குப் பிறகும் தமிழகத்தில் வழக்கொன்றால் உரிமைப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு நின்றது. இடையில் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையின் உச்சிகளில் பாக்சைட் வெட்டி எடுக்கப்பட்டது. இந்த ஆண்டுகளில் 1942-ல் சிறை சென்ற கட்சியும் ஆண்டது. அன்று விலகி நின்ற இயக்கத்தின் வழிவந்த கட்சிகளும் ஆண்டன. மலைக்காரருக்கு இழைத்த தாமதத்தில் இரு தரப்புக்கும் பங்குண்டு. '42-ல் எங்கே இருந்தீர்கள்' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும்வரை, '2006 வரை எங்கே இருந்தீர்கள்' என்ற கேள்வி இருவர் காதிலும் விழாது. இந்த உரைகல்லால் கட்சிகளுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான்.

சேலம் மத்திய சிறைக்கும் இதில் ஓர் இடம் உண்டு. 1950 பிப்ரவரி 11. குடியரசு பிறந்து பதினாறே நாட்கள். கம்யூனிஸ்ட் கட்சி அப்போது ஆயுதப் போராட்டப் பாதையில் இருந்தது. மாகாணத்தில் தடை செய்யப்பட்டிருந்தது. அந்தப் பாதை தவறென்று பின்னர் அக்கட்சியே கைவிட்டது. ஆனால் சிறையில் இருந்தவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. தங்களை அரசியல் கைதிகளாக நடத்தக் கேட்டவர்கள் அவர்கள். காவலர்கள் சுட்டதில் 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயப் போராளிகள். அன்று மாகாணத்தை ஆண்டது 1942-ல் சிறை நிரப்பிய காங்கிரஸ். சிறைவாசம் என்றால் என்னவென்று அறிந்தவர்களின் ஆட்சியில் கைதிகள் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். ஒருமுறை தியாகம் செய்தால் அடுத்த பத்தாண்டுக்கு நியாயம் கைவசம் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சிறையே மறுப்பு.

"அப்படியானால் எல்லோரும் ஒன்றுதானா? துப்பாக்கி முன் நின்றவனும் கவர்னர் விருந்துக்குப் போனவனும் சமமா?" என்று கேட்பார்கள். சமமல்ல. 1942-ல் அடி வாங்கியவரின் தியாகம் தனி. அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அந்தத் தியாகம் அவருக்குச் சொந்தமானது, அவர் கட்சியின் இன்றைய வேட்பாளருக்கு அல்ல. தடியடி பட்ட தாத்தாவின் பெயரைச் சொல்லி, அன்று பிறந்திராத ஒருவர் ஓட்டுக் கேட்பதும், அன்று பிறந்திராத இன்னொருவரைத் துரோகி என்பதும் தியாகத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அதேபோல் 1942-ல் ஆட்சியோடு நின்றவர்கள் தாங்கள் செய்த குறிப்பிட்ட செயல்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். யார் யாரைக் காட்டிக்கொடுத்தார், எந்தப் பதவியில் இருந்து எந்த உத்தரவில் கையெழுத்திட்டார் என்று பெயரும் செயலுமாகக் கேளுங்கள். கட்சியின் பெயரைச் சொல்லி ஒரு தலைமுறைக்கே குற்றப்பத்திரிகை எழுதாதீர்கள்.

நம் பள்ளிப் பாடத்திலும் மேடையிலும் 1942 பற்றிச் சொல்லும்போது காமராஜர் அரக்கோணத்தில் இறங்கியதையும் சொல்ல வேண்டும், கய்யூர்த் தூக்குமேடையையும் சொல்ல வேண்டும், சேலம் மாநாட்டில் பட்டங்கள் துறக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும், 215-ல் பழங்குடிக்கு ஒரே இடம் என்ற கணக்கையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிள்ளை யாரையும் எளிதில் துரோகி என்று அழைக்காது. யாரையும் கேள்வி கேட்காமல் கும்பிடவும் செய்யாது.

கட்சிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் அப்போதுதான் நேராகும். உங்களுக்கு அதிகாரம் கிடைத்தபோது ஓட்டில்லாதவருக்கு, நிலமில்லாதவருக்கு, காட்டில் வாழ்பவருக்கு என்ன செய்தீர்கள்? உங்களோடு மாறுபட்டவரைச் சிறையில் எப்படி நடத்தினீர்கள்? உங்கள் பெரியவர்கள் செய்த பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டீர்களா? ஏற்காட்டுக்கு ஓட்டுக் கேட்டு மலையேறி வரும் ஒவ்வொரு கட்சியையும் இந்த மூன்று கேள்விகளால் நிறுத்துங்கள். 1942-ஐக் காட்டி நழுவப் பார்த்தால் விடாதீர்கள்.